ஹைப்பர்வைசரில் டிஎல்பி முரண்களைக் கையாளும் முறை

செயலியின் ஒரே கோரில் பல மெய்நிகர் இயந்திரங்கள் மாறி மாறி ஓடும்போது, அவை எல்லாவற்றின் முகவரி மாற்றங்களும் அந்தக் கோரின் டிஎல்பியில், அதாவது மெய்நிகர் முகவரியை நினைவக முகவரியாக மாற்றிய விடைகளைச் சேமிக்கும் கேஷில், ஒன்றாகச் சேர்ந்து கிடக்கின்றன. இரண்டு கெஸ்ட்களிலும் (மெய்நிகர் இயந்திரங்களிலும்) ஒரே மெய்நிகர் முகவரி வெவ்வேறு நினைவகப் பக்கங்களைக் குறிப்பது அன்றாட நிகழ்வு. ஆகவே ஒரு பதிவு யாருக்கு உரியது, அது எப்போதுவரை செல்லுபடியாகும் என்ற இரண்டு கேள்விகளுக்கும், மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் நிரலான ஹைப்பர்வைசர் எந்த நொடியிலும் விடை வைத்திருக்க வேண்டும். முதல் கேள்வியில் தவறினால் ஒரு கெஸ்ட் இன்னொன்றின் நினைவகத்தைப் படிக்கும். இரண்டாவதில் தவறினால், ஹோஸ்ட் (கெஸ்ட்களைத் தாங்கும் இயந்திரம்) திரும்ப எடுத்துக்கொண்டு வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்ட பக்கத்தில் பழைய கெஸ்ட் தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கும். இரண்டுமே பாதுகாப்புப் பிழைகள். இவற்றை வேகக் குறைபாடாக மட்டும் பார்க்கும் வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும்.

இந்த வழிகாட்டி ஹைப்பர்வைசர் நிரலை எழுதுவோருக்கும் திருத்துவோருக்கும் ஆனது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் லினக்ஸ் கர்னலை ஹைப்பர்வைசராக்கும் கேவிஎம் பகுதியிலிருந்து வருகின்றன. அதன் மூல நிரல் எல்லோரும் படிக்கக் கிடைப்பதே காரணம். கேவிஎம்மை நிர்வகிப்போருக்குப் பக்க அளவு மாற்றம் பற்றிய பகுதியும் பிழை கண்டறிதல் பற்றிய பகுதியும் நேரடியாகப் பயன்படும்.

என்னென்ன சேமிக்கப்படுகின்றன என்பதை முதலில் பிரித்தறிக

இரண்டு நிலை முகவரி மாற்றம் உள்ள செயலியில் கெஸ்ட் தன் பக்க அட்டவணையின் வழியே மெய்நிகர் முகவரியைக் கெஸ்ட் இயற்பியல் முகவரியாக மாற்றுகிறது; ஹைப்பர்வைசரின் இரண்டாம் நிலை அட்டவணை அதை உண்மையான நினைவக முகவரியாக மாற்றுகிறது. இரண்டு அட்டவணைகளும் நான்கு அடுக்குகள் கொண்டவை என்றால், கேஷ் எதுவும் உதவாத நிலையில் ஒரே முகவரிக்காக 24 முறை நினைவகத்தைத் தொட வேண்டியிருக்கும். டிஎல்பியை அடிக்கடி முழுவதுமாகத் துடைத்துவிடுவது ஏன் கட்டுப்படியாகாது என்பதற்கு இந்த எண்ணே போதும்.

இன்டெல் செயலிகள் மூன்று வகை மாற்றங்களைச் சேமிக்கலாம். இபிடி (இன்டெல்லின் இரண்டாம் நிலை அட்டவணை) இல்லாமல் ஓடும்போது உருவாகும் நேரடி மாற்றங்கள் முதல் வகை. கெஸ்ட் இயற்பியல் முகவரியிலிருந்து உண்மை முகவரிக்குச் செல்லும் மாற்றங்கள் இரண்டாம் வகை. மெய்நிகர் முகவரியிலிருந்து நேரே உண்மை முகவரிக்குச் செல்லும் கூட்டு மாற்றங்கள் மூன்றாம் வகை. முதல் வகைக்கு, ஹைப்பர்வைசர் வழங்கும் விபிஐடி எண்ணும், கெஸ்ட் தன் பக்க அட்டவணைகளைப் பிரித்தறிய வைக்கும் பிசிஐடி எண்ணும் அடையாளம். இரண்டாம் வகைக்கு இபிடி அட்டவணையின் வேர் முகவரி அடையாளம். கூட்டு மாற்றத்துக்கு இவை மூன்றும் சேர்ந்து அடையாளம். இதை மனத்தில் இருத்திக்கொண்டால், விபிஐடியைக் கொண்டு பதிவுகளை நீக்கும் இன்வ்விபிஐடி கட்டளை இரண்டாம் வகையைத் தொடுவதே இல்லை என்பதும், இன்வ்இபிடி கட்டளை இரண்டாம், மூன்றாம் வகைகளை எல்லா விபிஐடிகளுக்கும் சேர்த்து நீக்குகிறது என்பதும் இயல்பாகப் புரியும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பயன்படுத்துவது இத்துறையில் திரும்பத் திரும்ப வரும் பிழை.

அடையாள எண்களை வழங்குதல்

இன்டெல்லில் விபிஐடி என்பது 16 பிட் எண். 0 ஹோஸ்ட்டுக்கு உரியது. விபிஐடி வசதியை இயக்கிய நிலையில் ஒரு கெஸ்ட்டுக்கு 0 கொடுத்தால் கெஸ்ட்டுக்குள் நுழைவதே தோல்வியடையும். எண்ணை இயந்திரத்துக்கு ஒன்றாகக் கொடுக்காமல் விசிபியுவுக்கு (இயந்திரத்தின் ஒவ்வொரு மெய்நிகர் செயலிக்கும்) ஒன்றாகக் கொடுக்க வேண்டும். ஒரே இயந்திரத்தின் இரண்டு விசிபியுக்கள் அடுத்தடுத்து ஒரே கோரில் ஓடலாம். அவை இரண்டும் ஒரே பிசிஐடி எண்ணை வெவ்வேறு பக்க அட்டவணைகளுக்குப் பயன்படுத்த கெஸ்ட்டுக்கு முழு உரிமை உண்டு. உண்மையான வன்பொருளில் ஒவ்வொரு கோருக்கும் தனி டிஎல்பி இருப்பதால் அது தவறாகாது. நாம் இரண்டு விசிபியுக்களை ஒரே கோரில் ஏற்றும்போதுதான் அது முரணாகிறது. எண்கள் தீர்ந்துவிட்டால் கேவிஎம் மீதமுள்ள விசிபியுக்களுக்கு விபிஐடி வசதியையே நிறுத்திவிடுகிறது. அப்போது ஒவ்வொரு நுழைவிலும் வெளியேற்றத்திலும் வன்பொருளே கூட்டு மாற்றங்களை நீக்கிவிடும். வேகம் குறையும், ஆனால் முடிவு சரியாக இருக்கும். எண் தீர்ந்த நிலையில் பின்வாங்க வேண்டிய திசை இதுவே.

ஏஎம்டியில் இதற்கு இணையான ஏஎஸ்ஐடியிலும் 0 ஹோஸ்ட்டுக்கே. எத்தனை எண்கள் உண்டு என்பது செயலிக்குச் செயலி மாறுவதால் அதை சிபியுஐடி கட்டளை மூலம் கேட்டறிய வேண்டும். இங்கே கேவிஎம் நெடுங்காலமாகப் பின்பற்றிய தலைமுறை முறை கற்றுக்கொள்ளத் தக்கது. ஒவ்வொரு கோரும் தனக்கென ஒரு தலைமுறை எண்ணையும் அடுத்து வழங்க வேண்டிய ஏஎஸ்ஐடியையும் வைத்திருக்கும். எண்கள் தீர்ந்ததும் தலைமுறையை ஒன்று கூட்டி, எல்லாப் பதிவுகளையும் ஒருமுறை நீக்கி, மறுபடியும் தொடக்கத்திலிருந்து வழங்கும். விசிபியு ஓட வரும்போது அதன் தலைமுறை கோரின் தலைமுறையோடு பொருந்தாவிட்டால் புதிய எண் கிடைக்கும். பயன்படுத்தப்படாத எண்ணின் கீழ் எந்தப் பதிவும் இருக்க முடியாது என்பதால், ஒரு விசிபியுவுக்குப் புதிய எண் கொடுப்பதே அதன் பழைய பதிவுகளை நீக்கியதற்குச் சமம். விஎம்சிபியில் (ஏஎம்டியில் விசிபியுவின் நிலையை வைத்திருக்கும் கட்டுப்பாட்டுத் தொகுதியில்) உள்ள டிஎல்பி கட்டுப்பாட்டுப் புலத்தை வன்பொருள் தானாகப் பூச்சியமாக்குவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒருமுறை நீக்கச் சொல்லிவிட்டு அதை மீட்டமைக்க மறந்தால், ஒவ்வொரு நுழைவிலும் டிஎல்பி காலியாகிக்கொண்டே இருக்கும். எதுவும் உடையாது, ஆகவே யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ஆர்ம் கட்டமைப்பில் இதற்கு இணையான விஎம்ஐடி எண் இயந்திரத்துக்கு ஒன்று. அகலம் 8 பிட் அல்லது 16 பிட். இன்டெல் பற்றி மேலே சொன்ன விசிபியு முரண் இங்கே வன்பொருளின் அமைப்பிலேயே காத்திருக்கிறது. அதனால் கேவிஎம், ஒவ்வொரு கோரிலும் இந்த இயந்திரத்தின் எந்த விசிபியு கடைசியாக ஓடியது என்று குறித்து வைத்துக்கொண்டு, இப்போது வருவது வேறொன்று என்றால் அந்த விஎம்ஐடிக்குரிய பதிவுகளை அந்தக் கோரில் மட்டும் நீக்குகிறது. ஏஎம்டியின் எஸ்இவி மறைகுறியாக்க இயந்திரங்களிலும் இதே நிலை உண்டு: அங்கே ஏஎஸ்ஐடியோடு மறைகுறியாக்கச் சாவி பிணைந்திருப்பதால் எண்ணை மாற்ற முடியாது, தலைமுறை முறை உதவாது. அங்கும் இதே போன்று கடைசியாக ஓடிய விசிபியுவைச் சரிபார்த்து நீக்கும் விதியே கையாளப்படுகிறது. உங்கள் வடிவமைப்பில் எண்கள் விசிபியுக்களிடையே பகிரப்படுகின்றன என்றால் இந்த விதியைத் தவிர்க்க வழியில்லை.

எண்ணைத் திரும்பப் பெற்று மறுபடி வழங்குவதும் இதே கணக்கில் அடங்கும். அழிந்துபோன இயந்திரத்தின் எண் புதிய இயந்திரத்துக்குப் போகும் முன், அந்த எண் பயன்பட்ட எல்லாக் கோர்களிலும் பழையவை நீங்கியிருக்க வேண்டும். அதே காரணத்துக்காக, ஒரு கோரில் மெய்நிகராக்கத்தை முதன்முதலில் இயக்கும்போதே எல்லாச் சூழல்களுக்குமான இன்வ்இபிடி, இன்வ்விபிஐடி கட்டளைகளை ஒருமுறை இயக்கிவிடுவது நல்லது. அதற்கு முன் அங்கே வேறு ஹைப்பர்வைசர் ஓடியிருக்கலாம்.

விசிபியு கோர் மாறும்போது

ஒரு விசிபியு முதல் கோரில் ஓடுகிறது, அங்கே பதிவுகள் சேர்கின்றன. எது எந்தக் கோரில் ஓடும் என்று தீர்மானிக்கும் ஹோஸ்ட்டின் ஷெட்யூலர் அதை இரண்டாம் கோருக்கு நகர்த்துகிறது. அங்கே கெஸ்ட் தன் பக்க அட்டவணையில் ஒரு வரியை மாற்றி, முறைப்படி அந்த முகவரியின் பதிவை நீக்கும் இன்வ்எல்பிஜி கட்டளையையும் இயக்குகிறது. அது இரண்டாம் கோரின் டிஎல்பியை மட்டுமே தொடும். பின்பு விசிபியு முதல் கோருக்குத் திரும்புகிறது. அதே விபிஐடியோடு பழைய பதிவு அங்கே அப்படியே இருக்கிறது. கெஸ்ட் தன் கடமையைச் சரியாகச் செய்தும் தவறான பக்கத்தைப் படிக்கிறது. இத்தகைய பிழை சுமை கூடிய நேரத்தில் மட்டும், அதுவும் கெஸ்ட்டுக்குள் காரணமற்ற செயல்முறை முறிவாகவே வெளிப்படும் என்பதால் அதைத் தேடிப் பிடிப்பது மிகக் கடினம்.

இதற்கான விதி எளிது: கடைசியாக ஓடிய கோரும் இப்போது ஓடப்போகும் கோரும் வேறு என்றால், நுழைவதற்கு முன் அந்த விசிபியுவின் பதிவுகளைப் புதிய கோரில் நீக்க வேண்டும். கிளம்பும் கோரில் நீக்கத் தேவையில்லை, வந்து சேரும் கோரில் நீக்கினால் போதும் என்பது கவனிக்கத்தக்கது. நீக்கும் வேலை உள்ளூரிலேயே முடிந்துவிடுகிறது, இன்னொரு கோரை எழுப்ப வேண்டியதில்லை. ஆர்மில் கெஸ்ட் இயக்கும் உள்ளூர் நீக்கக் கட்டளைகளை எல்லாக் கோர்களுக்கும் பரப்புமாறு வன்பொருளையே பணிக்கும் ஒரு பிட் உண்டு. கேவிஎம் அதை இயக்கிவைக்கிறது.

இரண்டாம் நிலை அட்டவணையை மாற்றும்போது

மிகுந்த கவனம் வேண்டிய இடம் இது. ஹோஸ்ட் ஒரு பக்கத்தைத் திரும்ப எடுக்கிறது என்றால் வரிசை இப்படி இருக்க வேண்டும்: அட்டவணை வரியைச் செல்லாததாக்குதல், எல்லாக் கோர்களிலும் நீக்கச் சொல்லுதல், அது முடிந்ததென்று உறுதிப்படும்வரை காத்திருத்தல், அதன் பிறகே பக்கத்தை விடுவித்தல். கடைசி இரண்டு படிகள் இடம் மாறினால், பக்கம் வேறு கைக்குப் போன பின்னும் பழைய கெஸ்ட் அதில் எழுத ஒரு சிறிய இடைவெளி கிடைத்துவிடும். அட்டவணைப் பக்கங்களுக்கும் இதே விதிதான். அவற்றின் இடைநிலை வரிகளையும் செயலி சேமித்து வைத்திருக்கும்.

மற்ற கோர்களுக்குச் சொல்லும் விதத்தில் நினைவக வரிசை முக்கியம். கெஸ்ட்டுக்குள் நுழையப்போகும் கோர், தான் கெஸ்ட் நிலையில் இருப்பதாக முதலில் எழுதி, முழு நினைவகத் தடையை (முன் எழுதியது மற்ற கோர்களுக்குத் தெரிந்த பின்னரே அடுத்ததைப் படிக்கச் செய்யும் கட்டளையை) கடந்து, பின்னரே தனக்கு நீக்கக் கோரிக்கை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோருபவர் முதலில் கோரிக்கையை எழுதி, தடையைக் கடந்து, பின்னரே அந்தக் கோரின் நிலையைப் படிக்க வேண்டும். இருவரும் எழுதிவிட்டுப் படிப்பதால், ஒருவரையாவது மற்றவர் பார்த்தே தீருவார். நுழையும் கோர் இந்தச் சோதனைக்கு முன்பே குறுக்கீடுகளை நிறுத்தியிருக்க வேண்டும் என்பதும் இதன் ஒரு பகுதி. அப்போதுதான் இடையில் வந்த அழைப்பு தொலையாமல் காத்திருந்து, நுழைந்த உடனே வெளியேற்றத்தை உண்டாக்கும்.

எதிர்த்திசையிலும் ஒரு போட்டி உண்டு. பக்கப்பிழையை (அட்டவணையில் ஏற்ற வரி இல்லாதபோது எழும் பிழையை) கையாளும் நிரல் ஒரு பக்கத்தின் முகவரியைக் கேட்டறிந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் ஹோஸ்ட் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். அதனால், முகவரியைக் கேட்பதற்கு முன் ஒரு வரிசை எண்ணைப் படித்து வைத்துக்கொண்டு, பூட்டை எடுத்த பின் அது மாறவில்லை என்று உறுதி செய்துகொண்டே அட்டவணையில் எழுத வேண்டும். மாறியிருந்தால் எழுதாமல் திரும்பி, கெஸ்ட் மறுபடி பிழையை எழுப்ப விட்டுவிட வேண்டும்.

எல்லா மாற்றத்துக்கும் நீக்கம் தேவையில்லை. இல்லாத வரியைப் புதிதாகச் சேர்ப்பதற்கும், படிக்க மட்டும் இருந்த அனுமதியை எழுதும் அனுமதியாக உயர்த்துவதற்கும் இன்டெல்லில் இன்வ்இபிடி கட்டாயமில்லை. இபிடி மீறல் நிகழும்போது அந்த முகவரிக்குப் பயன்பட்டிருக்கக்கூடிய பதிவுகளைச் செயலியே நீக்கிவிடுகிறது. அனுமதியைக் குறைப்பதற்கும் முகவரியை மாற்றுவதற்கும் மட்டும் கட்டாயம் நீக்க வேண்டும். ஏஎம்டியில் இன்வ்இபிடிக்கு இணையான தனிக் கட்டளை கிடையாது. ஏஎஸ்ஐடி வழியாகவே நீக்க வேண்டும். ஆர்மில் கெஸ்ட் இயற்பியல் முகவரியைக் கொண்டு நீக்கும் கட்டளை இரண்டாம் நிலைப் பதிவுகளை மட்டுமே உறுதியாக நீக்கும், கூட்டுப் பதிவுகள் தங்கிவிடலாம். அதனால்தான் கேவிஎம் அந்தக் கட்டளைக்குப் பின் தடையை வைத்து, முதல் நிலைக்கான முழு நீக்கத்தையும் இயக்கி, மறுபடி தடையை வைக்கிறது. இரண்டாவது நீக்கம் வீண் செலவு என்று எண்ணி யாரேனும் அதை அகற்றத் திருத்தம் அனுப்பினால் ஏற்கக் கூடாது.

கெஸ்ட்டுக்கு நேரடியாக ஒப்படைத்த சாதனங்கள் இருந்தால் சாதனங்களுக்கான முகவரி மாற்றத்தைச் செய்யும் ஐஓஎம்எம்யூவின் கேஷுக்கும் இதே வரிசையைப் பின்பற்ற வேண்டும்.

பக்க அளவை மாற்றும்போது வரும் மோதல்

ஒரே முகவரிக்கு இரண்டு பதிவுகள் ஒரே நேரத்தில் பொருந்துவதே சொல்லின் முழுப் பொருளில் மோதல். 2 மெகாபைட் பக்கமாக இருந்ததை 4 கிலோபைட் பக்கங்களாகப் பிரிக்கும்போது, பழைய பெரிய பதிவு நீங்கும் முன் புதிய சிறிய பதிவு உள்ளே வந்துவிட்டால் அது நேரும். ஆர்ம் செயலி அப்போது டிஎல்பி மோதல் விதிவிலக்கை எழுப்பலாம், அல்லது இரண்டு பதிவுகளும் கலந்த ஒரு விடையைத் தரலாம். இரண்டாவதுதான் அஞ்சத்தக்கது, ஏனெனில் எந்த எச்சரிக்கையும் வராது.

ஆகவே ஆர்மில் உடைத்துவிட்டு உருவாக்கும் முறை கட்டாயம். பழைய வரியைச் செல்லாததாக்கி, நீக்கி, தடையைக் கடந்து, அதன் பிறகே புதிய வரியை எழுத வேண்டும். இந்த இடைவெளியில் வேறொரு கோர் அதே வரியில் பிழை எழுப்பிக்கொண்டு வரலாம். அது வரியை வெறுமையானது என்று கருதி நிரப்பிவிடாதிருக்க, கேவிஎம் வெறும் பூச்சியத்தை எழுதாமல் பூட்டப்பட்டது என்று பொருள்படும் ஒரு செல்லாத மதிப்பை எழுதுகிறது. அதைக் காணும் கோர் பின்வாங்கி மறுபடி முயலும். கேவிஎம்மின் எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி) பகுதியிலும் வரியை உறையவைக்கும் இதே உத்தி உண்டு. மோதல் விதிவிலக்கு வந்தேவிட்டால், ஒற்றை முகவரியை மட்டும் நீக்குவதை நம்பாமல் அந்தச் சூழலின் பதிவுகள் முழுவதையும் நீக்கிவிட்டு, எந்த நிரல்பாதை முறையை மீறியது என்று தேடத் தொடங்க வேண்டும்.

இவையெல்லாம் ஹைப்பர்வைசரின் சொந்த அட்டவணைக்கு. கெஸ்ட் தன் அட்டவணையில் வேண்டுமென்றே இந்த மோதலை உண்டாக்கினால் என்ன ஆகும்? 2019 நவம்பரில் வெளியிடப்பட்ட சிவிஇ-2018-12207 குறைபாடு இதற்கு விடை. பல இன்டெல் செயலிகளில், கட்டளைகளுக்கான டிஎல்பியில் ஒரே முகவரிக்கு வெவ்வேறு அளவுள்ள இரண்டு பதிவுகள் பொருந்தினால் இயந்திரச் சோதனைப் பிழை எழுந்து முழுச் செயலியும் நின்றுவிடும். நம்பத்தகாத ஒரே கெஸ்ட், தன் பக்க அளவை மாற்றிவிட்டு நீக்காமல் விட்டால் போதும். ஹோஸ்ட்டும் அதில் உள்ள மற்ற எல்லா இயந்திரங்களும் விழுந்துவிடும்.

கேவிஎம் கண்ட தீர்வின் அடிப்படை அழகானது. டிஎல்பியில் சேரும் பதிவின் அளவு, கெஸ்ட்டின் பக்க அளவு, இபிடியின் பக்க அளவு ஆகிய இரண்டில் சிறியது. ஆகவே கட்டளைகள் உள்ள பகுதிகளை இபிடியில் எப்போதும் 4 கிலோபைட் பக்கங்களாகவே வைத்துவிட்டால், கெஸ்ட் என்ன செய்தாலும் கட்டளை டிஎல்பியில் இரண்டு அளவுகள் உருவாகவே முடியாது. அதற்காக இபிடியின் பெரிய பக்கங்கள் எல்லாம் இயக்க அனுமதி இல்லாதவையாக அமைக்கப்படுகின்றன. கெஸ்ட் அவற்றுள் ஒன்றிலிருந்து கட்டளையை இயக்க முயலும்போது அந்தப் பக்கம் சிறியவையாகப் பிரிக்கப்படுகிறது. தரவுப் பக்கங்கள் பெரியவையாகவே நீடிக்கின்றன. பிரிக்கப்பட்டவற்றில் 60இல் ஒரு பங்கை அவ்வப்போது மீட்டுப் பெரிய பக்கமாக மாற வாய்ப்பளிக்கும் பின்னணி வேலையும் உண்டு. 60 என்பது இயல்பு மதிப்பு, மாற்றிக்கொள்ளலாம்.

நிர்வாகிகள் செய்ய வேண்டியது, லினக்ஸின் சிஸ்எஃப்எஸ் கோப்பகத்தில் செயலிக் குறைபாடுகளின் பட்டியலில் ஐடிஎல்பி மல்டிஹிட் என்ற கோப்பைப் படிப்பது. பாதிப்பில்லை என்றோ பெரிய பக்கங்கள் பிரிக்கப்படுகின்றன என்றோ அது சொன்னால் நல்லது. கேவிஎம் பாதிப்புக்குள்ளாகும் என்று சொன்னால், யாரோ வேகத்துக்காக இந்தக் காப்பை நிறுத்தியிருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும். கெஸ்ட்கள் அனைத்தும் உங்களுடையவை என்றால் அது ஏற்கத்தக்க முடிவாக இருக்கலாம். வாடகைக்கு விடும் சேவையில் அதற்கு இடமில்லை.

பிழையைக் கண்டறிதல்

கெஸ்ட்டில் காரணமற்ற முறிவு, தரவுச் சிதைவு, ஒரே பணிச்சுமையில் எப்போதாவது மட்டும் தோன்றும் பக்கப்பிழை ஆகியவை அறிகுறிகள். நினைவகச் சில்லு பழுதாலும் இவை வரும் என்பதால் முதலில் அதை விலக்கிவிட வேண்டும். பிறகு விசிபியுக்களை ஒவ்வொரு கோரோடு பிணைத்து ஓடவிட்டுப் பார்க்கலாம். பிழை மறைந்தால் கோர் மாற்றம் அல்லது எண் பகிர்வு பக்கம் சந்தேகம் திரும்பும். அடுத்து, கேவிஎம் இன்டெல் மாட்யூலை விபிஐடி வசதி இல்லாமல் ஏற்றிப் பார்க்கலாம். பிழை தொடர்ந்தால் இபிடிப் பக்கம் தேட வேண்டும், ஏனெனில் விபிஐடி இல்லாதபோதும் கெஸ்ட் இயற்பியல் மாற்றங்களை நுழைவின்போது நீக்க வேண்டிய கட்டாயம் செயலிக்கு இல்லை. பிழை மறைந்துவிட்டாலோ, விபிஐடி வழங்கலில்தான் குறை என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. கூட்டுப் பதிவுகள் ஒவ்வொரு நுழைவிலும் நீங்குவதால், விட்டுப்போன இன்வ்இபிடியின் விளைவும் அதே நேரத்தில் மறைந்துபோகலாம். வேறுபடுத்த, விபிஐடியை மீண்டும் இயக்கிவிட்டு, சந்தேகத்துக்குரிய நிரல்பாதைகளில் முழு நீக்கத்தை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பதே நம்பகமான வழி.

இத்தகைய பிழைகள் முதிர்ந்த நிரல்களிலும் எஞ்சியிருக்கும். ஜென் ஹைப்பர்வைசரில் 2020 அக்டோபரில் வெளியான எக்ஸ்எஸ்ஏ-286 பாதுகாப்பு அறிவிப்பு அத்தகையது: கெஸ்ட் கோரிய நீக்கத்தை ஜென் சரியாகவே செய்தது, ஆனால் கெஸ்ட்டின் கோரிக்கைகளை நிறைவேற்ற ஜென் தானே பயன்படுத்திய நேர்கோட்டுப் பக்க அட்டவணைகளால் உருவான பதிவுகள் நீங்காமல் நின்றன. ஹைப்பர்வைசர் தன் சொந்தப் பயன்பாட்டால் உண்டாக்கும் பதிவுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதை மறுஆய்வுப் பட்டியலில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

சரியானது என்று உறுதிப்பட்ட பிறகு செலவைக் குறைத்தல்

முதலில் தாராளமாக நீக்கி, சரியாக ஓடுவதை உறுதி செய்துகொண்டு, பின்பு அளந்து அளந்து குறைப்பதே என் பரிந்துரை. கேவிஎம்மின் டீபக்எஃப்எஸ் கோப்பகத்தில் தொலைக் கோர் நீக்கங்களின் எண்ணிக்கை கிடைக்கும். பெர்ஃப் கருவியில் டிஎல்பி தவறுகளின் எண்ணிக்கை கிடைக்கும். முதல் எண் உயர்ந்தால் பல பக்கங்களின் மாற்றங்களைத் திரட்டி ஒரே நீக்கமாகச் செய்வது பலன் தரும். இரண்டாவது மட்டும் உயர்ந்தால் தேவையற்ற முழு நீக்கம் எங்கோ நடக்கிறது, அல்லது பெரிய பக்கங்கள் சிதறிவிட்டன.

கெஸ்ட் தானே பிற விசிபியுக்களுக்கு நீக்கச் சொல்லி அழைப்பு அனுப்பும்போது, அந்த விசிபியு அப்போது ஓடாமல் வரிசையில் காத்திருந்தால் அழைத்தவரும் வீணாகக் காத்திருப்பார். கேவிஎம்மும் லினக்ஸ் கெஸ்ட்டும் பகிரும் நினைவகப் பகுதியில், இடைநிறுத்தப்பட்ட விசிபியு என்ற குறி இருந்தால் மட்டும் அதனுடன் நீக்கக் கோரிக்கைக் குறியையும் கெஸ்ட் சேர்த்துவிடும்; ஹைப்பர்வைசர் அந்த விசிபியுவை மீண்டும் ஏற்றும்போது நீக்கிவிட்டு ஏற்றும். குறியைப் படிப்பதும் சேர்ப்பதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக இருக்க வேண்டும், இல்லையேல் இடையில் விசிபியு ஓடத் தொடங்கிக் கோரிக்கை தொலைந்துபோகும். கோர்களைவிட விசிபியுக்கள் அதிகமாக உள்ள ஹோஸ்ட்டில் இந்த வசதியை இயக்குவது பலன் தரும். ஒவ்வொரு விசிபியுவுக்கும் தனிக் கோர் ஒதுக்கிய ஹோஸ்ட்டில் இதனால் பெரிதாக ஒன்றும் மாறாது.